சூடத்துக்குப் படுத்த மாடு

உங்களில் யாராவது மாட்டுச் சவுக்காரத்தில் தலை முழுகியிருக்கிறீர்களா? நான் முழுகியிருக்கிறேன். பத்து வயசில், ஒரு வருஷத்துக்கு மேலாக. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்கின்றன. அதுகளுக்கு என்ன தெரியும். அது சீமைச் சவுக்காரம். தார் வாசமும் ஏதோ ஒரு பூவின் வாசமும் கலந்து அடிக்கும். எங்கள் லயம் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். பன்னிரண்டு காம்பராப் பிள்ளைகளிலும் என் தலைமுடிதான் பளபளவென்று இருந்தது. பக்கத்துக் காம்பரா அத்தை பார்த்துவிட்டு, "இவளுக்கு மட்டும் எங்கேருந்து எண்ணெய் கிடைக்குது?" என்று பொருமுவார். அம்மா வாயே திறக்க மாட்டார்.

அக்கரப்பத்தனைக்கு மேலே, டயகம போகிற வழியில் எங்கள் தேயிலைத் தோட்டம். அப்பா துரை பங்களாவில் மாட்டுக்காரர். நம் வயசுக்காரர்களுக்குத் தெரியும், கொழுந்து எடுக்க மலைக்குப் போகாமல் பங்களா வேலை பார்ப்பவனுக்கு லயத்தில் கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் பொறாமை, இரண்டும் உண்டு. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தோட்டத்துக்கு இன்னும் வெள்ளைக்காரத் துரைதான். நான்கு பால் மாடுகளைக் கறந்து, புல் அறுத்துப் போட்டு, சாணி வாரி, அதில் திருப்தியாக இருந்தவர் அப்பா. துரைக்குத்தான் திடீரென்று ஒரு ஆசை பிடித்தது.

நுவரெலியாவில் துரைமார் கூடி மாட்டுக் கண்காட்சி நடத்துவார்கள். கறவை மாடு, காளை, கன்று என்று பலதும் வரும். அடுத்த வருஷக் கண்காட்சிக்குப் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். கொழுத்த மாடு. எந்தத் தோட்டத்து மாடு நன்றாகக் கொழுத்து, முதுகு மட்டமாக, தொடை திரண்டு நிற்கிறதோ அதற்குப் பரிசு. துரை எங்கிருந்தோ ஒரு காயடித்த கன்றை வரவழைத்தார். கொழுந்து லொறியில் வந்து இறங்கியது அது. ஆனி மாத மழை. நடுங்கிக்கொண்டு, மூக்கு ஒழுகிக்கொண்டு, நிற்கவும் முடியாமல் நின்றது. செவலை உடம்பு. முகம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இது என்னங்க, நெத்தி முழுக்க விபூதி பூசிக்கிட்டு வந்திருக்கு," என்றார் அம்மா.

அன்றிலிருந்து அவன் பெயர் விபூதி. துரை ஏதோ இங்கிலீஸ் பெயர் வைத்திருந்தார். எங்கள் யார் வாயிலும் அது நுழையவில்லை.

முதல் மாதம் அவன் பிழைப்பானா என்பதே சந்தேகமாக இருந்தது. பங்களாப் பட்டியில் விட்டால் குளிரில் செத்துவிடுவான் என்று அப்பா துரையிடம் கேட்டு, எங்கள் லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டார். அம்மா மலையிலிருந்து வந்ததும் முதல் வேலை அவனைப் பார்ப்பதுதான். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை அவிழ்த்து அவன் முதுகில் போட்டு, கஞ்சி காய்ச்சி, வெல்லம் கரைத்து, அவனைப் படுக்க வைத்து, தலையை மடியில் எடுத்து வைத்துப் புகட்டுவார். கண் பட்டதால்தான் சீக்கு என்பது அம்மாவின் முடிவு. அதனால் செவ்வாயும் வெள்ளியும் வெற்றிலையில் சூடம் ஏற்றி அவனை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, பிறகுதான் கஞ்சி.

கன்று என்ன கண்டது? சூடம் மணத்தால் கஞ்சி வரும் என்று கண்டது. தேறி எழுந்து, கழுத்து தடித்து, என் தோளைத் தாண்டி வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் அவனை விடவில்லை. சூடம் மணத்தால் போதும், முன்னங்கால் இரண்டையும் மடக்கித் தொப்பென்று படுத்து, தாடையை முன்னால் நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வான். மூன்றாவது காம்பராவில் யாராவது சாமிக்குச் சூடம் காட்டினாலும் இவன் கொட்டகையில் படுத்துவிடுவான். லயமே சிரிக்கும். அப்பாவுக்கு மட்டும் எரிச்சல்.

"மாட்டக் கெடுத்து வச்சிருக்க புள்ள. இது என்ன மாடா, பண்டாரமா?"

"பக்தி இருந்தா உங்களுக்கு என்னங்க?" என்பார் அம்மா.

விபூதிக்குக் கிடைத்த சாப்பாடு எங்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. புண்ணாக்கு, தவிடு, அவித்த கொள்ளு எல்லாம் பங்களாவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்தது. கொள்ளு அவியும் வாசம் லயம் முழுக்கப் பரவும். காலையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்றுவிட்டு, மத்தியானமும் அதே ரொட்டியைத் தின்கிற பிள்ளைக்கு அந்த வாசம் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாளியிலிருந்து ஒரு பிடி அள்ளி மடியில் போட்டுக்கொண்டு ஓடுவேன். ஒரு தடவை அப்பா பிடித்துவிட்டார். அடிக்கவில்லை. "அது தொரையோட கொள்ளு பாப்பா," என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

விபூதியைக் குளிப்பாட்டப் பங்களாவிலிருந்து வந்த சவுக்காரத்தோடு ஒரு பிரஷும் இருந்தது. மரப் பிடி, குதிரை மயிர். ஓடைக்கு இழுத்துப்போய் அவனை முழுகவைத்து, அந்தப் பிரஷால் வயிற்றிலிருந்து முதுகு வரை தேய்ப்பது என் வேலை. தேய்க்கத் தேய்க்க உடம்பிலிருந்து ஆவி பறக்கும். குளிர் காலையில் நான் அவன் விலாவில் ஒட்டிக்கொண்டு சூடு காய்வேன். மிஞ்சிய சவுக்கார நுரையில்தான் என் தலை முழுக்கு. அந்தப் பிரஷ் எந்தக் கைக்குப் போனதோ தெரியவில்லை. இப்போது கிடைத்தால் என்ன விலை கொடுத்தாவது வாங்கிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் துரை நாடாவோடு வருவார். விபூதியின் மார்பைச் சுற்றி அளப்பார். தொடையைக் கிள்ளிப் பார்ப்பார். "குட், மாட்டுக்காரன், குட்," என்பார். அப்பா அன்றைக்கு முழுவதும் சாப்பாட்டை மறந்து திரிவார். துரை எதற்காகக் கிள்ளிப் பார்க்கிறார் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் பாலுக்கு மாடு பார்த்தவர்கள், வண்டிக்கு மாடு பார்த்தவர்கள். எங்கள் வீட்டில் மாட்டு இறைச்சி ஏறாது. அழகு பார்க்கிறார் என்றுதான் நினைத்தோம்.

கண்காட்சிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பங்களா சமையல்காரர் கொட்டகைப் பக்கம் வந்தார். விபூதியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்.

"நல்லாத்தான் வளத்திருக்கீங்க. ஆனா ஷோ முடிஞ்சதும் கசாப்புக்காரங்க அங்கேயே வந்து நிப்பாங்களாம். கொழுத்த மாடுகள அந்த எடத்துலயே வாங்கிருவாங்களாம். தொரைமார் பேசிக்கிட்டாங்க."

அம்மா கையிலிருந்த வாளி கீழே விழுந்தது. அப்பா அதைக் குனிந்து எடுத்து வைத்தார். பிறகு சிரித்தார்.

"தோத்த மாட்டத்தான் வாங்குவான். ஜெயிச்ச மாட்ட யாராச்சும் வெட்டுவாங்களா? நல்லா இருக்கிறத வச்சுக்குவாங்க, ஆகாததத் தள்ளிவிடுவாங்க. இதுகூடத் தெரியாதா?"

சமையல்காரருக்கும் அது சரியென்றே பட்டது. அம்மாவுக்கும் சரியென்று பட்டது. ஏன் படாது? எங்கள் கண்ணுக்குத் தெரிந்த நியாயம் அதுதானே. பால் வற்றிய மாட்டைத்தான் விற்பார்கள். காய்க்காத கொய்யா மரத்தைத்தான் வெட்டுவார்கள். கொழுந்து குறைத்து எடுத்தவளுக்குத்தான் ஏச்சு விழும். நல்லா இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று நம்பித்தான் எங்கள் சனம் முதுகு ஒடிய வேலை செய்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. விபூதி ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் திரும்பி வருவான். தோற்றால் கசாப்புக்கடை. நான் கொள்ளுத் திருட்டை விட்டேன். என் பங்கு ரொட்டியில் பாதியை அவனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா முரட்டு மானாப்புல்லைத் தள்ளிவிட்டு, ஓடைக்கரையில் இளம்புல் தேடி ஒரு மைல் நடந்தார். அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். மூன்று பேருமாகச் சேர்ந்து அவனைக் கொழுக்க வைத்தோம்.

கண்காட்சி நாளன்று, மலையில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவிடம் கெஞ்சி அம்மா ஒரு நாள் லீவு வாங்கினார். லொறியின் பின்னால் விபூதியும் நாங்கள் மூன்று பேரும் போனோம். ஏறும் முன்பே அப்பா அம்மாவை எச்சரித்தார்.

"அங்க வந்து சூடம் கீடம்னு ஆரம்பிச்சிராத. தொரைமார் எடம்."

"எனக்குப் பைத்தியமா?" என்றார் அம்மா. மடியில் வெற்றிலையும் சூடமும் தீப்பெட்டியும் இருந்தது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. எனக்கும் அவனுக்குக் கண் பட்டுவிடும் என்று பயம்தான்.

மைதானத்தில் கயிறு கட்டி ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். கொழுத்த மாடுகள் ஏழு வந்திருந்தன. எங்களுக்குப் பக்கத்தில் மஸ்கெலியாப் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு மாட்டுக்காரர், ஒரு கருப்பு மாட்டோடு வந்திருந்தார். அவருடைய மகள் என் வயசு. நீலப் பாவாடை கட்டியிருந்தாள்.

"எங்க மாடுதான் ஜெயிக்கும்," என்றாள்.

"ஒங்க மாடு தார் டின் மாதிரி இருக்கு. எங்க மாடுதான்," என்றேன்.

அவளும் என்னைப் போலவே ரொட்டியைப் பங்கு போட்டுத்தான் வளர்த்திருப்பாள். அன்றைக்கு அதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. தோற்ற மாடு செத்துப்போகும், அது அவள் மாடாக இருக்கட்டும் என்று மட்டும் நினைத்தேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

மாட்டுக்காரர்கள் ஏழு பேருக்கும் வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். கோட்டின் கை அப்பாவுக்கு நீளம். கோட்டுக்குள்ளிருந்து விரல் நுனி மட்டும் தெரிந்தது. வெறுங்காலோடு விபூதியைப் பிடித்துக்கொண்டு வட்டம் சுற்றினார். பரிசு சொல்ல வந்த துரை உயரமானவர், கையில் பிரம்பு வைத்திருந்தார். ஒவ்வொரு மாட்டையும் தடவினார், அழுத்தினார், எட்ட நின்று பார்த்தார். விபூதியிடம் இரண்டு தடவை திரும்பி வந்தார். அப்புறம் மாடுகளை வரிசையாக நிற்கச் சொன்னார். முதல் இடத்தில் விபூதி. இரண்டாவது இடத்தில் அந்தக் கருப்பு மாடு. எங்கள் துரை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். சுற்றியிருந்த அத்தனை துரைமாரும் துரைசானிமாரும் விபூதியையே பார்த்தார்கள்.

அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. "இத்தன கண்ணு," என்று முணுமுணுத்தார். குடையை விரித்துத் தரையில் சாய்த்து, அதன் மறைவில் குந்தி, வெற்றிலையில் சூடத்தை வைத்துப் பற்றவைத்தார். காற்று எங்கள் பக்கமிருந்து மைதானத்துக்குள் அடித்தது.

விபூதி மூக்கை விரித்தான். முன்னங்கால் இரண்டையும் மடக்கினான். தொப்பென்று படுத்தான். தாடையை அந்தத் துரையின் சப்பாத்துக் காலுக்கு நேராக நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டான்.

"எந்திரி ராசா. எந்திரிடா என் சாமி," என்று அப்பா கயிற்றை இழுத்தார். வாலைத் திருகினார். இரண்டு பேர் வந்து பின்னாலிருந்து தள்ளினார்கள். கஞ்சி வராமல் அவன் எதற்கு எழுந்திருக்க வேண்டும்? துரைசானிமார் சிரித்தார்கள். பிரம்புத் துரை கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, முதல் பரிசுக்கான நீல ரிப்பனைக் கருப்பு மாட்டின் கழுத்தில் கட்டினார்.

சூடம் அணைந்த பிறகுதான் விபூதி எழுந்தான். அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு கயிற்றைத் தாண்டி வந்தார். குடையையும் வெற்றிலையையும் பார்த்தார். அப்பா அம்மா மேல் கைநீட்டியதில்லை. அன்றைக்கும் நீட்டவில்லை. ஆனால் அந்தக் குரலை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

"நீயே கொன்னுட்டியே புள்ள."

அம்மா குடைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் விபூதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். சவுக்கார வாசம் அடித்தது. அவன் என் மடியில் வெல்லம் இருக்கிறதா என்று மூக்கால் தேடினான்.

அப்போது கோட்டுப் போட்ட ஒருவரும், இடுப்பில் அகலப் பெல்ட் கட்டிய ஒருவரும் எங்களை நோக்கி வந்தார்கள். நான் விபூதிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன். என் பின்னால் அப்பா கோட்டைக் கழற்றி மடிக்கிற சத்தம் கேட்டது. பெல்ட்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு விலகி, நேரே கருப்பு மாட்டிடம் போனார். தொடையில் தட்டினார். கோட்டுக்காரரும் துரைமாரும் கூடி நின்று விலை பேசினார்கள். மஸ்கெலியா மாட்டுக்காரர், தன் மாட்டைத்தான் மெச்சுகிறார்கள் என்று எண்ணி ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பெல்ட்காரர் மாட்டின் முதுகில் சாக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டு, மாட்டுக்காரர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார்.

"எங்க கொண்டு போறாங்க?" என்று மஸ்கெலியாக்காரர் லொறி டிரைவரிடம் கேட்டார். டிரைவர் சிங்களவர். தெரிந்த தமிழில் பதில் சொன்னார்.

"ஹோட்டலுக்குத்தான். பஸ்ட் வந்த மாடு. நத்தார் சாப்பாட்டுக்கு, கிறிஸ்மஸ்."

அப்பா மடித்த கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். டிரைவரைப் பார்த்தார், கருப்பு மாட்டைப் பார்த்தார், விபூதியைப் பார்த்தார். கடைசியாகத் தரையில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார்.

"ஜெயிச்ச மாட்டத்தான் வெட்டுறாங்க புள்ள," என்றார். தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

எங்கள் துரை வந்தார். முகம் சிவந்து கிடந்தது.

"படுத்துத் தூங்குற மாடு. யாரும் வாங்க மாட்டேன் சொல்றான். எனக்கு வெட்கம், மாட்டுக்காரன். தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போ. லொறி கிடையாது. நடந்து போ."

அப்பா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "தொரை நல்லா இருக்கணும், தொரை புள்ள குட்டிங்க நல்லா இருக்கணும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தோற்றுப்போனவன் எதற்கு வாழ்த்துகிறான் என்று துரைக்கு விளங்கவில்லை. தொப்பியைத் தலையில் அமுக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அந்த நிமிஷம் உடம்பிலிருந்து எத்தனை பாரம் இறங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. பசித்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நீலப் பாவாடைக்காரி ரிப்பனைக் கையில் சுற்றிக்கொண்டு, லொறி போன பாதையைப் பார்த்து நின்றாள். அவளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் என் சந்தோஷம் குறையவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாதான் எழுந்துபோய் அவளைக் கூட்டி வந்து, விபூதிக்கென்று கொண்டுவந்த வெல்லச் சோற்று உருண்டையை அவள் கையில் வைத்தார். அவள் தின்னவில்லை. வைத்துக்கொண்டே நின்றாள். அவளுடைய அப்பா அம்மாவிடம் கேட்டார்.

"அக்கா, ஒங்க மாடு எதுக்குப் படுத்துச்சு?"

அம்மா சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். செவ்வாய் வெள்ளி, வெற்றிலை, சூடம், கஞ்சி எல்லாம். மற்ற ஐந்து மாட்டுக்காரர்களும் பக்கத்தில் வந்து குந்திக் கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒன்றரை நாள் நடந்து வீடு வந்தோம். வழியில் ஒரு தோட்டத்தில் பெரியம்மா வீட்டில் தங்கினோம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் தேயிலை நிரையை விட்டு இறங்கி வந்து விபூதியை வேடிக்கை பார்த்தார்கள். இவ்வளவு கொழுத்த மாட்டை அவர்கள் பார்த்ததில்லை. "ஷோவுல என்ன ஆச்சு?" என்று கேட்டவர்களிடமெல்லாம் அப்பா, "தோத்துட்டான்," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

துரை அவனை எரு வண்டியில் கட்டச் சொன்னார். திமில் இல்லாத சீமை மாட்டின் கழுத்தில் நுகம் நிற்குமா? சாக்கை மடித்து வைத்துக் கட்டிப் பார்த்தார் அப்பா. வழுக்கிக்கொண்டு வந்தது. கடைசியில் பங்களாக் காய்கறித் தோட்டத்துக்குச் சாணி கொடுப்பதுதான் அவன் வேலை என்று முடிவானது. அந்த வேலையை அவன் குறையில்லாமல் செய்தான்.

அடுத்த வருஷம் துரைமார் விடாமல் மறுபடியும் கொழுத்த மாட்டுக் கண்காட்சி வைத்தார்கள். எங்கள் துரை மாடு அனுப்பவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்த சமையல்காரர்தான் கொட்டகையில் வந்து கதை சொன்னார். எட்டு மாடு வந்ததாம். வட்டத்துக்குள் போய் நின்றதும் எங்கிருந்தோ சூட வாசம் வந்ததாம். ஐந்து மாடு படுத்துவிட்டதாம். முதலில் படுத்தது மஸ்கெலியா மாடாம். இந்த மலைக் குளிருக்குக் கொழுத்த மாடு தூங்கி விழுகிறது, சரிப்பட்டு வராது என்று துரைமார் அங்கேயே பேசி முடிவு செய்து, அந்தப் போட்டியை அதோடு நிறுத்திவிட்டார்களாம்.

அப்பா புல்லுக்கட்டின் மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் கடையிலிருந்து சூடம் வாங்கி வந்தது அப்பாதான்.

எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு வந்த சமயம். விபூதிக்குப் பல் போய்விட்டது. இரண்டு நாளாக எழுந்திருக்கவில்லை. அம்மா கஞ்சி கொண்டுபோனார், முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா உள்ளே போய் வெற்றிலையில் சூடம் ஏற்றிக்கொண்டு வந்து மூன்று சுற்றுச் சுற்றினார். ஏற்கனவே படுத்துக் கிடந்தவன், தாடையை மட்டும் முன்னால் நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டான். அம்மா அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக் கஞ்சி புகட்டினார். முழுவதையும் குடித்துவிட்டுத்தான் போனான்.